மலையடிவாரக் குடியிருப்புகளில் முதலில் போட வேண்டியது நடைபாதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையடிவாரங்களில் திட்டமிட்டு உருவாக்கப்படும் பசுமைக் குடியிருப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அத்தகைய குடியிருப்பு ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வாழ்ந்து வருபவள் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. கூரை மேல் சூரிய மின்தகடு, மழைநீர்த் தொட்டி, சாலையோர மரங்கள், சன்னலைத் திறந்தால் தெரியும் மலைமுகடு ஆகியவற்றைக் கட்டுரை விரிவாகச் சொன்னது. அவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அங்கே குடியிருப்பவர் ஒரு மாத்திரை அட்டை வாங்குவதற்கும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கும், பேருந்தைப் பிடிப்பதற்கும் வண்டியை எடுத்தே ஆக வேண்டும் என்றால், அந்த இடத்தைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் வீடு வாங்கியபோது எங்களிடம் காட்டப்பட்ட வரைபடத்தில் ஒரு கடைத்தெரு, ஒரு தொடக்கப்பள்ளி, ஒரு பேருந்து நிறுத்தம், இவற்றை வீடுகளோடு இணைக்கும் இரண்டு நடைபாதைகள் ஆகிய யாவும் இருந்தன. முதல் நான்கு ஆண்டுகளில் வீடுகள் மட்டுமே எழுந்தன. நடைபாதைக்கென்று ஒதுக்கிய இடத்தில் கட்டுமானக் கழிவு குவிந்து கிடந்தது. அந்த நான்கு ஆண்டுகளும் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நின்றன. நகரத்தின் நடுவில் வாழ்ந்த காலத்தைவிட அதிகமாகவே எரிபொருள் செலவழித்தோம். ஐந்தாம் ஆண்டில் நடைபாதைகள் போடப்பட்டன, கடைகள் திறந்தன, பேருந்தும் வந்தது. ஆறு மாதத்துக்குள் இரண்டாவது காரை விற்றுவிட்டோம். நாங்கள் ஒன்றும் திடீரென்று இயற்கை ஆர்வலர்கள் ஆகிவிடவில்லை. நடக்க வழி வந்தது, நடந்தோம். என் மகள் இப்போது தோழிகளுடன் தானாகவே பள்ளிக்குப் போய் வருகிறாள். வழியில் எந்த மரத்தில் எந்தப் பறவை கூடு கட்டியிருக்கிறது என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நடக்கும் தொலைவுக்குள் அன்றாடத் தேவைகள் அமைய வேண்டும் என்பது புதிய கருத்தன்று. அமெரிக்கத் திட்டமிடலாளர் கிளாரன்ஸ் பெர்ரி 1929ஆம் ஆண்டிலேயே, ஒரு தொடக்கப்பள்ளியை நடுவில் வைத்து, அதிலிருந்து ஏறக்குறைய கால் மைல் தொலைவுக்குள் வீடுகளை அமைத்து, ஊரைக் கடந்து செல்லும் போக்குவரத்தை வெளி விளிம்போடு திருப்பிவிடும் ஓர் அமைப்பை முன்வைத்தார். கால் மைல் என்பது ஏறத்தாழ 400 மீட்டர். சமதரையில் ஐந்து நிமிட நடை. ஆனால் மலைச்சரிவில் இந்தக் கணக்கு பொய்த்துப்போகிறது என்பதை வரைபடத்தை மட்டும் பார்த்து மனை பிரிப்பவர்கள் கவனிப்பதில்லை. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் 400 மீட்டர் ஏறுகிறவர், உண்மையில் 33 மீட்டர் உயரம், அதாவது ஏறக்குறைய பத்து மாடிகள் ஏறுகிறார். சக்கர நாற்காலிக்கான சாய்தளங்களுக்குப் பல நாடுகளின் விதிகள் அனுமதிக்கும் அதிகபட்சச் சரிவே அதுதான். அதுவும் இடையிடையே சமதளம் விட்டு, குறுகிய தூரத்துக்கு மட்டுமே. ஆகவே, மலையடிவாரத்தில் தெருக்கள் சரிவின் குறுக்காக, ஒரே உயரத்தைத் தொடர்ந்து வளைந்து செல்ல வேண்டும். மேலும் கீழுமாக இணைப்பதற்குக் கைப்பிடியுடன் கூடிய படிகளும், படி ஏற இயலாதவர்களுக்கு நீண்டு சுற்றி வரும் மென்சரிவுப் பாதையும் இருக்க வேண்டும். உட்காரும் இடமும் முக்கியம். எங்கள் நடைபாதையில் வரைபடத்தில் இருந்த இருக்கைகள் செலவைக் குறைப்பதற்காகக் கைவிடப்பட்டன. முழங்கால் வலி உள்ள என் மாமியார் ஓராண்டுக் காலம் கடைப்பக்கமே போகவில்லை. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் திருப்பத்தில் இரண்டு கருங்கல் பலகைகளைக் கொண்டுவந்து போட்ட பிறகு, மாமியார் நாள்தோறும் மாலையில் இறங்கிப் போய், இரண்டு முறை உட்கார்ந்து எழுந்து, தாமாகவே ஏறி வருகிறார்.

வண்டியைக் குறைப்பது எங்கும் நல்லது என்றாலும், மலைப்பள்ளத்தாக்கில் அதற்குக் கூடுதலான காரணம் ஒன்று உண்டு. இரவில் மலைச்சரிவு விரைவாகக் குளிர்கிறது. அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து, கனமாகி, தண்ணீரைப் போலவே சரிவு வழியாகக் கீழே இறங்குகிறது. கோடையில் இது அடிவாரத்தில் இருப்பவர்களுக்குக் கிடைத்த வரம். குளிர்காலத்திலோ, காற்று அசையாத நாட்களில், அந்தக் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, அதன் மேல் வெப்பமான காற்று மூடிபோல் நின்றுவிடுகிறது. அப்போது கீழே வெளியேறும் வண்டிப் புகையும் அடுப்புப் புகையும் மேலே போக வழியின்றி நாள்கணக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். சமவெளியில் காற்றோடு கரைந்துபோகும் அதே அளவு புகை இங்கே நம் பிள்ளைகளின் மார்புக்குள் போகிறது. தூய காற்றுக்காக மலையருகே குடியேறிவிட்டு, ஒவ்வொருவரும் வண்டியில் திரிவதால் என்ன ஆகும் என்பதைக் குளிர்கால விடியலில் எங்கள் மேட்டில் நின்று பார்த்தால் போதும்.

இதை நன்கு உணர்ந்து செயல்பட்ட ஓர் இடமாக ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் உள்ள வோபான் பகுதியைச் சொல்வேன். கருங்காடு எனப் பொருள்படும் பெயர் கொண்ட மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் ஃப்ரைபுர்க் இருக்கிறது. அங்கே பிரெஞ்சு ராணுவம் 1992இல் காலிசெய்துவிட்டுப் போன படைமுகாம் நிலத்தில், ஏறத்தாழ 40 ஹெக்டேர் பரப்பில், இன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களில் கார் நிறுத்த இடமே கிடையாது. பொருள்களை இறக்குவதற்கு வாசல் வரை மெதுவாக வரலாம்; ஆனால் கார் வைத்திருப்பவர் குடியிருப்பின் விளிம்பில் உள்ள அடுக்குமாடி நிறுத்தகத்தில் தம் சொந்தச் செலவில் இடம் வாங்க வேண்டும். ட்ராம் பாதை 2006இல் உள்ளே வரை வந்தது. அங்கே காருக்குத் தடை ஏதும் இல்லை. காரை எடுக்கப் போகும் தொலைவைவிட ட்ராம் நிறுத்தம் அருகில் இருக்கிறது, அவ்வளவுதான். இந்தச் சிறு ஏற்பாடு எத்தனை அறிவுரைகளைவிடவும் வலிமையானது என்று நான் வியந்ததுண்டு. அந்நகருக்கு மலைப்பள்ளத்தாக்கிலிருந்து இரவில் இறங்கிவரும் காற்றுக்கு மக்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். எங்கள் குடியிருப்பிலோ சரிவின் குறுக்கே நீண்ட மதில் ஒன்றை எழுப்பியிருக்கிறார்கள். அதற்குக் கீழே இருக்கும் இரண்டு தெருக்களில் கோடை இரவுகளில் புழுக்கம் தாங்க முடிவதில்லை.

மேலே எதுவரை கட்டலாம் என்ற கேள்விக்கும் வர வேண்டும். மலையை ஒட்டிய எந்தக் குடியிருப்பும் தானாக நின்றுவிடுவதில்லை. இன்றைக்குக் கடைசித் தெருவாக இருப்பது ஐந்தாண்டில் நடுத்தெரு ஆகிவிடும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைகளின் அடியில் உள்ள போல்டர் நகர மக்கள், 1959இல் வாக்களித்து, கடல்மட்டத்திலிருந்து 5,750 அடி உயரத்துக்கு மேல் நகரம் குடிநீர் வழங்காது என்று ஒரு கோடு கிழித்தார்கள். தண்ணீர் போகாத இடத்துக்கு வீடும் பெரும்பாலும் போகவில்லை. 1967இல் மலைச்சரிவுகளையும் திறந்தவெளிகளையும் விலைக்கு வாங்கிப் பாதுகாப்பதற்காகத் தமக்குத் தாமே ஒரு விற்பனை வரியையும் விதித்துக்கொண்டார்கள். அந்த ஊரின் பின்னால் மலை இன்றும் மலையாக நிற்கிறது என்றால் அதற்கு இவைதான் காரணம். ஆனால் அதே ஊரில் வீட்டு விலை ஏறி, அங்கே வேலை செய்வோரில் பெரும்பகுதியினர் வெளியே தங்கி நாள்தோறும் காரில் வந்து போக வேண்டியதாயிற்று என்பதையும் மறைக்கக் கூடாது. கோடு கிழிப்பவர்கள் கோட்டுக்குக் கீழே நெருக்கமாகக் கட்டவும் மனம் இசைய வேண்டும்.

இந்த இடத்தில் என் அண்டை வீட்டாரில் பலர் என்னோடு முரண்படுவார்கள். தனித்தனி வீடு, சுற்றிலும் தோட்டம் என்பதே பசுமை என்று அவர்கள் நம்புகிறார்கள். ஆனால் சுவரோடு சுவர் சேர்ந்த வீடுகள் குளிரிலும் வெயிலிலும் ஒன்றையொன்று காக்கின்றன; அவற்றுக்கு வேண்டிய சாலையும் குழாயும் குறைவு; வெட்ட வேண்டிய சரிவும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, அறுபது வீடுகளை நம்பி ஒரு மருந்துக்கடை பிழைக்காது. அரை மணிக்கு ஒரு பேருந்தும் ஓடாது. எங்கள் கடைத்தெருவில் முதலில் திறந்த இரண்டு கடைகள் மூடிப்போனதும், மூன்றடுக்கு வீடுகள் வந்த பிறகே புதிய கடைகள் நிலைத்ததும் நான் கண்ணால் கண்டவை.

நெருக்கமாகக் கட்டும்போது தீயைப் பற்றி அலட்சியமாக இருக்க முடியாது. 2021 டிசம்பர் 30 அன்று, நான் மேலே சொன்ன அதே போல்டரின் அருகில் காய்ந்த புல்வெளியில் எழுந்த தீ, கடும் காற்றில் வீட்டுக்கு வீடு தாவி, ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. எரிந்தவை காட்டுக்குள் இருந்த வீடுகள் அல்ல. திட்டமிட்டுக் கட்டிய புறநகர்த் தெருக்கள். வீட்டுச் சுவரை ஒட்டிய முதல் ஐந்தடியில் செடியோ மரவேலியோ விறகோ இல்லாமல் பார்த்துக்கொள்வதும், தப்பிச் செல்ல இரண்டு வழிகள் இருப்பதும், நடைபாதையை மறிக்கும் கம்பங்களைத் தீயணைப்பு வண்டிக்காகக் கழற்ற முடிவதும் வரைபடத்திலேயே தீர்மானிக்க வேண்டியவை. வாசலை அடைத்து அடர்த்தியாகச் செடி வளர்ப்பதில் எனக்கும் ஆசை உண்டு. அந்த ஐந்தடியை மட்டும் இப்போது சரளைக்கல்லுக்கு விட்டுவிட்டேன்.

தெருவுக்குள் வரும் வண்டிகளின் வேகமும் எண்ணிக்கையும் நடப்பவர்களின் வாழ்க்கையை எப்படி மாற்றுகின்றன என்பதற்கு ஒரு பழைய ஆய்வைச் சுட்ட விரும்புகிறேன். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டு 1972இல் வெளியிட்டது அது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 வண்டிகள் போன தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். 16,000 வண்டிகள் போன தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை. 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாடு, மக்களும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டரை உச்ச வேகமாக்கச் சொன்னது. இறக்கத்தில் வரும் வண்டிக்கு இந்த எல்லையை எச்சரிக்கைப் பலகையால் மட்டும் கற்பிக்க இயலாது. தெருவே குறுகலாகவும் வளைவாகவும் இருந்தால்தான் கால் தானாகப் பிரேக்கை அழுத்தும்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்திய ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. எங்கள் நடைபாதைகளில் ஒன்று பக்கத்தில் உள்ள பழைய குடியிருப்பையும் எங்களையும் இணைத்தது. பாதுகாப்பு என்ற பெயரில் எங்கள் நிர்வாகக் குழு அதற்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டியது. எங்கள் தெருக்களைப் பெருக்குபவர்களும், தோட்டம் பார்ப்பவர்களும், இரவுக்காவல் காப்பவர்களும் அந்தப் பாதையில்தான் வந்துகொண்டிருந்தார்கள். எட்டு மாதங்கள் அவர்கள் ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றி, நடைபாதையே இல்லாத பெருஞ்சாலையின் ஓரமாக, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வந்தார்கள். விளம்பரப் பலகையில் எங்கள் ஊர் அப்போதும் நடப்போரின் சொர்க்கமாகவே இருந்தது. நாங்கள் இருபது பேர் கையெழுத்திட்டுத் தொடர்ந்து வற்புறுத்திய பின் பகலில் மட்டும் கதவைத் திறந்தார்கள். இரவுக்காவலர்கள் இன்றும் சுற்றித்தான் வருகிறார்கள். இந்தக் கடிதம் அச்சேறினால் அந்தக் குழுவினரும் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்; படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

இத்தகைய திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகள், முதல் வீட்டுக்குக் குடிபுகும் அனுமதி தருவதற்கு முன்பே நடைபாதையும் பேருந்து வசதியும் வந்துவிட்டனவா என்று நேரில் பார்க்க வேண்டும். எந்த உயரத்துக்கு மேல் எதுவும் கட்டப்படாது என்பதைப் பின்னால் திருத்த முடியாத வகையில் ஆவணத்தில் பதிய வேண்டும். பொதுப் பாதைகளைப் பூட்டும் உரிமையை எந்தத் தனியாருக்கும் வழங்கக் கூடாது. தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை தங்கள் செய்தியாளர் மலையடிவாரக் குடியிருப்பு ஒன்றைப் பற்றி எழுதப் போகும்போது, விற்பனை அலுவலகத்தார் அனுப்பும் காரில் ஏறாமல், அங்குள்ள உயரமான தெருவின் கடைசி வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை, முடிந்தால் வயதான ஒருவரோடு, ஒரு முறை இறங்கி, ஒரு முறை ஏறி, எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதைக் கட்டுரையின் முதல் வரியில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மலையடிவாரக் குடியிருப்பில் வாழும் வாசகி