காப்ரரோலா கையேடு: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ரோமுக்கு வடக்கே, வித்தெர்போ மாவட்டத்தில் உள்ள காப்ரரோலா ஃபர்னேசே மாளிகை பற்றிய தமிழ்க் கையேடு அச்சாகி வந்துவிட்டது. பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் எல்லோருமே சொல்லிவிட்டீர்கள். யார் எதைத் திருத்தினீர்கள் என்பதையாவது பதிவு செய்ய விடுங்கள்.

கோட்டைக் கட்டுமானம் அறிந்த பொறியாளர் ஐயாவுக்கு முதல் வணக்கம். 'ஐங்கோண மாளிகையை வடிவமைத்தவர் வின்யோலா' என்ற வரியை அடித்தது அவர்தான். ஐங்கோணம் கட்டடக் கலைஞர் வின்யோலாவுடையது அல்ல. 1530ஐ ஒட்டி, கர்தினால் அலெஸ்ஸாந்த்ரோ ஃபர்னேசேக்காக இளைய அந்தோனியோ தா சங்காலோ என்ற கட்டடக் கலைஞர் தொடங்கிய கோட்டை அது. கர்தினால் 1534இல் மூன்றாம் பவுல் என்ற பெயரில் திருத்தந்தை (போப்) ஆனதும் வேலை நின்றுபோனது. 1559இல் அதே பெயருடைய பேரன், அவரும் கர்தினால், வின்யோலாவை வைத்து அந்த அடித்தளத்தின் மேல் மாளிகையை எழுப்பலானார். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்'தான் என்றாலும், இருவரையும் ஒருவராக்கிவிடும் பிழை அடிக்கடி நேர்கிறது.

கொத்தளம், அதாவது கோட்டை மூலையில் மதிலைவிட்டு வெளியே துருத்தி நிற்கும் மேடை, ஏன் கூர்முனையோடு இருக்கிறது என்ற விளக்கமும் அவர் தந்ததே. வட்டக் கோபுரத்தின் நேர் முன்னே, பக்கத்துக் கோபுரத்துப் பீரங்கியின் குறிக்கு எட்டாத ஓர் இடம் மிஞ்சும். எதிரி அங்கே ஒதுங்கி மதிலடியைத் தோண்டலாம். கூர்முனைக் கொத்தளத்தின் இரு முகங்களையும் அடுத்த கொத்தளங்களிலிருந்து துடைத்துச் சுடலாம். சதுரக் கோட்டையின் மூலை 90 பாகை, ஐங்கோணத்தில் 108. மூலை விரிய விரியக் கொத்தளமும் அகன்று வலுப்பெறும்.

போருக்கு ஏற்ற அந்தக் கோணம் குடியிருக்க வரும்போது தொல்லை. வின்யோலா நடுவில் வட்ட முற்றம் வைத்தார். வட்டத்துக்கும் ஐங்கோணத்துக்கும் இடையே கோணல்மாணலாக மூலைகள் மிஞ்சின. முன்பக்க மூலைகள் இரண்டில் ஒன்றுக்கு வட்டப் படிக்கட்டு, மற்றதற்கு வட்டச் சிற்றாலயம். கொத்தளங்களின் தலை மொட்டைமாடிகள் ஆயிற்று. அகழியையும் அவர் வீணாக்கவில்லை. வடக்கே கோடைக்கால அறைகள், மேற்கே குளிர்கால அறைகள். ஒவ்வொன்றிலிருந்தும் அகழிமேல் பாலம் தாண்டினால் தனித்தனித் தோட்டம். பணியாளர் தங்கும் மேல்தளங்களை உள்வாங்கிக் கட்டியதால் முற்றத்தில் நின்று அண்ணாந்தாலும் அவை கண்ணில் படா. இந்த மாளிகையில் எங்களுக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

கல் தச்சருக்கு நன்றி. 'சாம்பல்நிறக் கருங்கல்' என்று எழுதி வைத்திருந்தோம். கருங்கல் அல்ல, பெப்பெரீனோ: எரிமலைச் சாம்பல் இறுகிய கல். கரும்புள்ளிகள் மிளகு தூவியதுபோல் இருப்பதால் இத்தாலியர் மிளகின் பெயரையே வைத்தார்கள். உளிக்கு இணங்கும், நீரையும் குடிக்கும். குளிரில் அந்த நீர் உறைந்து விரிந்தால் மேல்தோல் செதில் செதிலாக உரியும்.

சுவரோவியப் பாதுகாப்பில் பணிபுரியும் அம்மையார் ஓர் அத்தியாயத்தையே மாற்றி எழுத வைத்தார். ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் தீட்டிய நிறம், பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இறுகும்போது சுவரோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே ஒரு நாளில் வரைந்து முடிக்கும் பரப்புக்கு மட்டுமே அன்றன்று பூச்சு. மறுநாள் பூச்சு வந்து ஒட்டும் விளிம்பு, சாய்வாக விழும் வெளிச்சத்தில் கோடாகத் தெரியும். நேருக்கு நேர் விளக்கடித்துத் தேடினால் கிடைக்காது. அசுரைட் என்ற தாதுவை அரைத்து எடுக்கும் நீலம் ஈரச் சுண்ணாம்புக்கு ஒத்துவராது. காய்ந்த பிறகு பசை கலந்து பூச வேண்டும். அதனால் முதலில் உதிர்வது நீலந்தான்.

இத்தாலிய மடல்களைப் படித்துச் சொன்ன இளைஞருக்கும் கடன்பட்டிருக்கிறோம். கர்தினாலின் படுக்கையறை விதானத்துக்காக 1562இல் அன்னிபலே காரோ என்ற புலவர் ஓவியர் தத்தேயோ ட்சுக்காரிக்கு எழுதிய மடல், எந்த உருவம் எங்கே, கையில் என்ன, உடை என்ன நிறம் என்று வரிசையாகச் சொல்கிறது. இரவு, உறக்கம், விடியல் எல்லாம் அங்கிருந்து வந்தவை. தத்தேயோ 1566இல் இறந்தபின் தம்பி ஃபெதெரீகோ பணியைத் தொடர்ந்தார். குடும்பப் பெருமை பாடும் கூடத்துப் படங்களை வரலாற்றுச் சான்றாக எடுக்காதீர்கள் என்று அந்த இளைஞர் எச்சரித்தார். கூலி கொடுத்தவர் யார் என்று பார்த்தால் போதும், அது சரிதான்.

மெய்ப்புத் திருத்திய ஆசிரியைக்கு: 'விக்னோலா' எல்லாம் 'வின்யோலா' ஆகிவிட்டது. ஜி, என் சேர்ந்து வந்தால் இத்தாலியில் 'ன்ய' ஒலி என்பதை இனி மறக்கமாட்டோம்.

அச்சான பிறகு ஒரு பிழை கண்ணில் பட்டது. வட்டப் படிக்கட்டுப் படத்தின் கீழ் '30 தூண்கள்' என்று வந்துவிட்டது. அவை 30 இணைத் தூண்கள். கையேடு வைத்திருப்பவர்கள் பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்