பறவைக்கு வரி போட்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எது கலை, எது வெறும் வேலை என்ற வாதம் எழும்போதெல்லாம் எனக்கு ஒரு சுங்க வழக்குதான் நினைவுக்கு வரும். 1926இல் சிற்பி பிரான்குசியின் வெண்கலப் பறவை ஒன்று நியூயார்க் வந்து இறங்கியது. இறகு இல்லை, அலகு இல்லை. பளபளவென்று மெருகேற்றிய ஒல்லியான உருவம், அவ்வளவுதான். கலைப்பொருளுக்கு வரி கிடையாது. ஆனால் அதிகாரிகள் அதைச் சமையல் பாத்திரங்கள், மருத்துவமனைச் சாமான்கள் வகையில் சேர்த்து 40 சதவீதம் வரி போட்டார்கள்! வழக்கு நடந்தது. பறவை மாதிரியே இல்லையே என்றும் கேட்டார்கள். 1928இல் தீர்ப்பு சிற்பியின் பக்கம் வந்தது: சிற்பி ஒருவரின் சொந்தப் படைப்பு, பார்க்க அழகு, வேறு பயன்பாடு இல்லை, ஆகவே கலை.

சரி, பயன்பாடு இருந்தால் கலை இல்லையா? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அறுபத்து நான்கு கலைகள் என்று பட்டியல் போட்டவர்கள் பூத்தொடுப்பதையும் தையலையும் சேர்த்தார்கள். (சூதாட்டத்தையும் விடவில்லை, அது வேறு கதை.) ஒரு தையல்காரரைக் கவனியுங்கள். சட்டை போட்டுக்கொள்ளத் தயார். ஆனாலும் யார் கண்ணிலும் படாத உள்தையல் லேசாகக் கோணியிருக்கிறது என்று பிரித்து மறுபடி போடுகிறார். தேவை முடிந்த பிறகும் கை நிற்காமல் போகும் அந்த இடத்தைத்தான் நான் கலை என்பேன். அதற்காக ஒழுங்காகச் செய்த எல்லா வேலையும் கலையாகிவிடாது. கணக்குப் புத்தகத்தில் கலைத்திறன் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்