கதிர்வீச்சுப் பிரிவினருக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்புக்குரிய மருத்துவர்கள், தொழில்நுட்பர்கள், செவிலியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குரல்வளைப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து ஊர் திரும்பிவிட்டேன். நோயைக் காட்டிலும், கதிர்வீச்சின்போது தலை அசையாமலிருக்க மாட்டும் அந்த முகமூடிதான் என்னை அதிகம் ஆட்டிவைத்தது என்றால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள், நீங்கள் நம்பினீர்கள். முதல் நன்றி அதற்குத்தான்.

மூடிய இடம் எனக்கு இளவயதிலிருந்தே ஆகாது. லிஃப்ட் இருந்தாலும் படியேறியே போகிறவன் நான். முன்பு வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுக்கப் போனபோது, “இதுக்கெல்லாமா பயப்படுவாங்க, பெரியவரே?” என்ற கேலிதான் கிடைத்தது. உங்களிடம் முகமூடி செய்த அன்று, வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை நெற்றியிலிருந்து தோள் வரை படிய வைத்து, ஓரங்களைப் படுக்கைப் பலகையோடு சேர்த்துப் பூட்டியதும், அது இறுகத் தொடங்கிய நிமிடத்திலேயே மூச்சு முட்டுவதுபோல் இருந்ததால் கைகளை உதறினேன். உடனே பூட்டுகளை விடுவித்த தொழில்நுட்பர் அம்மையார், “ஒண்ணும் வீணாகலை சார், மறுபடி வெந்நீர்ல போட்டா பழையபடி தட்டையா ஆயிடும்” என்று சொல்லி, அந்த வலையை என் கையிலேயே கொடுத்தார். பென்சில் முனை நுழையும் அளவு துளைகள். அதை முகத்தருகே பிடித்து, துளைகளின் வழியே தாராளமாக மூச்சு விட முடிகிறதென்று நானே பார்த்துக்கொண்டேன். கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளரிடமும் மருத்துவரிடமும் ஒப்புதல் பெற்று, கண்கள் வரும் இடத்தை மட்டும் வெட்டித் தந்தது அவர் செய்த பேருதவி.

அசையக் கூடாது என்று அதட்டாமல், ஏன் அசையக் கூடாது என்று விளக்கிய மருத்துவருக்கு நன்றி. என்னைப் போன்றவர்களுக்கு வழக்கமாக 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சை 35 பகுதிகளாகப் பிரித்து, வாரம் 5 நாள் வீதம் 7 வாரம் தருவார்கள் என்பதையும், தண்டுவடமும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அருகிலேயே இருப்பதால் சில மில்லிமீட்டர் விலகினாலும் வம்பு என்பதையும் படம் வரைந்து காட்டினார். காரணம் தெரிந்த பின் அந்த வலை என்னைக் காக்க வந்ததாகத் தோன்றியது. ஆனாலும் பயம் போய்விடவில்லை. போய்விடும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. தொடக்க நாட்களுக்கு மட்டும், முன்கூட்டியே போட்டுக்கொள்ள ஒரு சிறு மாத்திரை எழுதித் தந்து, பிறகு மெல்லக் குறைத்தார்.

கனத்த கதவு சாத்தப்பட்டு நான் தனியே விடப்படும் அந்த வேளைக்கு மருந்து தந்தவர் மனநல ஆலோசகர். வாயைத் திறக்காமல் மனத்துக்குள் எதைச் செய்ய முடியும் என்று அவர் கேட்டபோது, கணக்கு வாத்தியார் வேறென்ன சொல்வேன், வாய்ப்பாடு என்றேன். அன்றிலிருந்து இயந்திரத்தின் கை என்னைச் சுற்றி உறுமியபடி வரும்போதெல்லாம் 17-ஆம் வாய்ப்பாட்டையும் 19-ஆம் வாய்ப்பாட்டையும் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேமரா வழியே கவனித்துக்கொண்டு, “இன்னும் ஒரு நிமிஷம்தான் சார்” என்று ஒலிபெருக்கியில் சொல்லிவந்த குரலுக்கும் நன்றி. கையைத் தூக்கினால் நிறுத்திவிட்டு உள்ளே வருவோம் என்று வாக்களித்ததோடு நில்லாமல், முதல் நாளே கதிர் பாய்ச்சாமல் ஒருமுறை செய்தும் காட்டினீர்கள்.

பிந்தைய வாரங்களில் தொண்டை புண்ணாகி, எச்சில் பசையாய்க் கெட்டித்து, படுத்தபடி விழுங்க முடியாமல் திணறிவிடுவேனோ என்று அச்சம் வேறு உருவில் திரும்பி வந்தது. படுக்குமுன் சோடா உப்புக் கரைசலில் வாய் கொப்பளிக்க வைத்து, தேவைப்பட்டால் சளியை உறிஞ்சி எடுத்துவிட்ட செவிலியர் சகோதரியையும், எடை இறங்கினால் முகமூடி தளர்ந்து புதிதாகச் செய்ய நேரிடலாம் என்று எச்சரித்து, மூக்கு வழியே உணவு செலுத்தும் குழாய்க்கு என்னைச் சம்மதிக்க வைத்த உணவியல் நிபுணரையும் மறக்க இயலாது. காத்திருப்புக் கூடத்தில், “வாத்தியாரே, நானே படுத்து எழுந்து வந்துட்டேன், நீங்க வர மாட்டீங்களா?” என்று கன்னத்தில் வலைத் தடத்தோடு சிரித்த ஆட்டோ ஓட்டுநர் தம்பிக்கும், நான் வெளியே வரும் வரை வாசலிலேயே நின்ற என் மனைவிக்கும் இம்மடலில் பங்குண்டு.

ஒரு வேண்டுகோள். புதிதாக வருபவர்களிடம், முகமூடி செய்யும் நாளுக்கு முன்பே, மூடிய இடம் பயமா என்று கேட்டுவிடுங்கள். கூச்சத்தால் தாமாகச் சொல்ல மாட்டார்கள். அவர்களோடு பேச ஓர் ஆள் வேண்டுமென்றால் என்னை அழையுங்கள். குரல் இன்னும் கரகரப்புதான், ஆனாலும் பேச வருகிறது.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.