அத்தையின் ஆபரேஷன் பற்றி மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் அத்தையின் மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனைப் பற்றிப் பேசும்போது, "முழுசாவே எடுத்துடச் சொல்லிட்டேன், அரைகுறை வேலை எதுக்கு" என்றீர்கள். வீட்டில் எல்லோரும் அதற்குத் தலையாட்டிவிட்டதாகவும் சொன்னீர்கள். அத்தை பக்கத்தில்தான் இருந்தார். ஆனால் அவர் குரல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அப்போதே பேசியிருப்பேன், இது இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன். பொதுவில் போடலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "பேரைப் போடாம போடு, நம்ம ஆளுங்க நாலு பேருக்காவது உதவட்டும்" என்றார்.

நான் டாக்டர் இல்லை மாமா. கதிர்வீச்சுப் பிரிவில் வேலை பார்க்கும் தாதி. கட்டியை மட்டும் எடுத்தவர்கள், மார்பகத்தையே எடுத்தவர்கள் என்று இரண்டு வகையினரையும் தினமும் பார்க்கிறவள். அந்த உரிமையிலும், உங்கள் மடியில் வளர்ந்த உரிமையிலும் சொல்கிறேன்.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தேன். இடது மார்பகம், மேல்பக்கம், அக்குளை ஒட்டி ஒரே ஒரு கட்டி. அளவு 1.8 சென்டிமீட்டர். அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளில் ஸ்கேனில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளரும் வகை. ஹெர்2 நெகட்டிவ், அதாவது கட்டியை வேகமாக வளர்க்கும் ஹெர்2 என்ற புரதம் கூடுதலாக இல்லை. இது ஆரம்பக் கட்டம். கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவோடு எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கலாம், இல்லையென்றால் மார்பகத்தை முழுசாக எடுக்கலாம், இரண்டும் சரிதான் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அதில் ஒன்றை மட்டும் நீங்கள் காதில் வாங்கியிருக்கிறீர்கள்.

காரணம் எனக்குத் தெரியும். தோட்டத்தில் வளர்ந்தவர் நீங்கள். லாலாங் புல்லை வேரோடு தோண்டினால்தான் திரும்ப முளைக்காது என்று சொன்னீர்கள். நியாயம்தான். ஆனால் லாலாங்குக்குப் பஞ்சு விதையும் உண்டே மாமா. காற்றில் பறந்து போன விதையை, இங்கே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் பிடிக்க முடியாது. மார்பகப் புற்றுநோயில் உயிரை எடுப்பது மார்பகத்தில் இருக்கிற கட்டி இல்லை. அங்கிருந்து எலும்புக்கோ நுரையீரலுக்கோ ஈரலுக்கோ போய்ச் சேர்கிற செல்கள்தான். அவை ஏற்கெனவே கிளம்பிவிட்டனவா இல்லையா என்பது, கத்தி எவ்வளவு பெரிதாக வெட்டுகிறது என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. அதைக் கவனிக்கத்தான் ஹார்மோன் மாத்திரை, தேவைப்பட்டால் கீமோ. இவை இரண்டும் கட்டியின் குணத்தைப் பார்த்து முடிவு செய்யப்படுபவை. முழுசாக எடுத்துவிட்டால் கீமோ வேண்டியிருக்காது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது தவறான தகவல்.

பெரிதாக வெட்டினால் நோய் ஒழியும் என்று பெரிய டாக்டர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் மார்பகம், அதன் அடியில் உள்ள தசை, அக்குள் முடிச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் முறையைப் பரப்பினார். மார்புக்கூடு குழிந்து, கை வீங்கி, தோள் அசையாமல் பெண்கள் வாழ்ந்தார்கள். ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு இதுதான் வழக்கம். 1970களில் இரண்டு பேர் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசி, அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர்.

வெரோனேசியின் ஆய்வில் 701 பெண்கள். எல்லோருக்கும் கட்டி 2 சென்டிமீட்டருக்குள், அத்தைக்கு இருப்பது போலவே. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு ஹால்ஸ்டெட் வழியில் எல்லாவற்றையும் எடுத்தார்கள். மீதிப் பேருக்கு மார்பகத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 20 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். எந்தக் காரணத்தாலோ இறந்தவர்கள் பகுதியை எடுத்தவர்களில் 41.7 விழுக்காடு, எல்லாவற்றையும் எடுத்தவர்களில் 41.2 விழுக்காடு. அரை விழுக்காடு வித்தியாசம் தற்செயலாக வருவது. அதே ஆண்டில் ஃபிஷரின் 20 ஆண்டு முடிவும் வந்தது. அங்கே 4 சென்டிமீட்டர் வரை உள்ள கட்டிகளையும் சேர்த்திருந்தார்கள். அங்கும் ஆயுளில் வித்தியாசம் இல்லை.

முழுசாக எடுத்தால் அத்தை கூடுதல் நாள் இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் நீங்கள் அந்த முடிவுக்கு வந்தீர்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை மாமா. சுவீடனில் 2021இல் ஏறக்குறைய 49,000 பெண்களின் பதிவுகளைப் பார்த்தபோது, கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்கள் சற்று அதிக காலமே வாழ்ந்திருக்கிறார்கள். அதை வைத்து அதுதான் உயர்ந்தது என்று நான் வாதாட மாட்டேன். பதிவேட்டைப் புரட்டிச் செய்த ஆய்வு, குலுக்கல் போட்டுச் செய்தது இல்லை. ஆனால் மார்பகத்தை விட்டுவைத்ததால் இறப்பு கூடவில்லை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

சரி, ஒரு வித்தியாசம் உண்மையாகவே இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மார்பகம் இருக்கிற வரை அதே இடத்தில் திரும்ப வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். மிலானில் பகுதியை எடுத்த 352 பேரில் 30 பேருக்கு அதே மார்பகத்தில் திரும்பியது. எல்லாவற்றையும் எடுத்த 349 பேரில் 8 பேருக்கு மார்புச் சுவரிலோ பக்கத்திலோ வந்தது. எடுத்த பிறகும் வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மார்பகத்தில் திரும்பினால் அப்போது முழுசாக எடுக்கலாம். இப்போதைய மாத்திரைகளோடும் புதிய கதிர்வீச்சோடும் பார்த்தால் அந்த அளவு இன்னும் குறைவு. பிரிட்டனில் 4,000க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், ஐந்து ஆண்டில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் அதே பக்கத்தில் திரும்பியது.

ஆனால் இதெல்லாம் கதிர்வீச்சை முழுமையாக முடித்தால்தான். ஃபிஷரின் ஆய்வில் கட்டியை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு இல்லாமல் விட்டவர்களில் 39 விழுக்காட்டினருக்கு அதே மார்பகத்தில் திரும்பியது. கதிர்வீச்சு பெற்றவர்களில் 14. வயது மிகவும் கூடிய, அபாயம் குறைந்த சிலருக்கு டாக்டர்களே அது வேண்டாம் என்பார்கள். அத்தைக்கு 54. அவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

நீங்கள் பயப்படுவதே இந்தக் கதிர்வீச்சுக்குத்தான் என்று நினைக்கிறேன். என் வேலை அதுதான், அதனால் விவரமாகச் சொல்கிறேன். முதல் நாள் சிகிச்சை கிடையாது. ஒரு பலகையில் படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொல்லி, சிடி ஸ்கேன் எடுப்பார்கள். மார்பில் மச்சம் போல இரண்டு மூன்று புள்ளி குத்துவார்கள், தினமும் அதே இடத்தில் படுக்க வைப்பதற்காக. அத்தைக்கு இடது பக்கம் என்பதால் மூச்சை ஆழமாக இழுத்து அடக்கப் பயிற்சி கொடுக்கலாம். அப்படி அடக்கும்போது இதயம் மார்புச் சுவரை விட்டு விலகும், கதிர் அதன்மேல் படுவது குறையும். அப்புறம் தினமும் அறைக்குள் போய் வர ஒரு கால் மணி நேரம், அதில் கதிர் ஓடுவது சில நிமிடம். வலி இல்லை, எக்ஸ்ரே எடுப்பது போல ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் தோல் கறுக்கும், அக்குள் மடிப்பில் எரியும், அரிக்கும், உடம்பு அசந்துபோகும். இறுக்கமான உள்ளாடை இல்லாமல் தளர்ந்த பருத்திச் சட்டை போட்டால் நல்லது. போன வாரம் ஒரு பாட்டி பேத்தியைத் தொடக்கூடப் பயந்து வெளியிலேயே உட்கார்ந்திருந்தார். உடம்பில் கதிர் எதுவும் தங்காது மாமா. அத்தை வீட்டுக்கு வந்ததும் பேரனைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை நாள் அலைவது என்று கேட்டீர்கள். முன்பு ஐந்து வாரம், 25 தடவை. இப்போது பெரும்பாலும் மூன்று வாரம், 15 தடவை. சிலருக்கு ஒரே வாரத்தில் 5 தடவையில் முடிப்பதும் வந்துவிட்டது. நீங்கள் இருப்பது செந்தூலில். செந்தூல் பாராட் ஸ்டேஷனில் எம்ஆர்டி ரயில் ஏறினால் அடுத்தது தித்திவங்சா, அதற்கடுத்தது கோலாலம்பூர் மருத்துவமனை. தூரத்து ஊர்களான குவா மூசாங்கிலிருந்தும் தெமர்லோவிலிருந்தும் வந்து உறவினர் வீட்டில் தங்கிச் சிகிச்சை எடுக்கிறவர்களை நான் பார்க்கிறேன். அந்த அலைச்சல் தாங்காது, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதாலேயே முழுசாக எடுக்கச் சொல்லும் பெண்கள் உண்டு. அது கௌரவமான முடிவு. உங்கள் வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை.

முழுசாக எடுப்பதுதான் சரி என்று ஆகும் இடங்களும் உண்டு. மார்பகத்தின் வெவ்வேறு மூலைகளில் பல கட்டிகள், மேமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளிகள் எங்கும் பரவியிருப்பது, ஏற்கெனவே அந்த இடத்தில் கதிர்வீச்சு வாங்கியிருப்பது, கர்ப்பகாலத்தில் கதிர்வீச்சைத் தள்ளிவைக்க முடியாத நிலை, மார்பகத்தின் அளவுக்குக் கட்டி மிகப் பெரிதாக இருப்பது. கடைசியில் சொன்னதற்கும் சில நேரம் முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிப் பார்ப்பார்கள். மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிராக்கா (BRCA) மரபணுக் கோளாறு இருந்தால் யோசனையே வேறு. அத்தையின் அம்மாவுக்கோ சகோதரிகளுக்கோ மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா என்று விசாரித்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, கட்டியை எடுத்த பிறகு அதன் ஓரத்தில் மை தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மை பட்ட இடத்தில் புற்று செல் இருந்தால் இரண்டாவது தடவை கொஞ்சம் எடுக்க வேண்டிவரும். அது நடந்தால் ஏமாந்துவிட்டோம் என்று பதற வேண்டாம், முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

முழுசாக எடுத்தால் எப்படி இருக்கும் என்பதையும் யாராவது அத்தைக்குச் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் ஒரு குழாய், அதன் நுனியில் ஒரு பாட்டில், அதில் சிவப்பாக நீர் இறங்கும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பார்கள். மார்பில் பெரிய பரப்பு மரத்துப்போகும், பலருக்கு அது திரும்புவதில்லை. கட்டுத்துணியை முதன்முதலாகப் பிரிக்கிற நாளில் சிலர் கண்ணாடியைப் பார்ப்பார்கள், சிலர் பல மாதம் பார்க்க மாட்டார்கள். அப்பாடா, போயிற்று என்று நிம்மதியாகச் சிரித்தவர்களும் உண்டு, அவர்கள் நிம்மதி பொய்யில்லை. வேண்டுமென்றால் மார்பகத்தை மறுபடி அமைக்கும் அறுவையும் இருக்கிறது, அப்போதேயோ பின்னாலோ செய்யலாம். முடிச்சுகளில் நிறைய பரவியிருப்பது தெரிந்தால் எடுத்த பிறகும் கதிர்வீச்சு தேவைப்படும்.

எனக்கு ஆத்திரமாக இருப்பது வேறு ஒன்றைப் பற்றி மாமா. நம் பெண்களில் எத்தனை பேர் கட்டி தெரிந்தும் மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார்கள்! கேட்டால், "மாரை எடுத்துடுவாங்கன்னு பயமா இருந்துச்சு" என்பார்கள். எண்ணெய் தடவி, பத்தியம் இருந்து, பரிகாரம் செய்து, புண்ணாகி வெடித்த பிறகு வருகிறார்கள். 1.8 சென்டிமீட்டரில் வந்திருந்தால் அவர்கள் பயந்த அந்த அறுவையே பலருக்குத் தேவைப்பட்டிருக்காது. சீக்கிரம் வந்தால் மார்பகத்தைக் காப்பாற்றலாம் என்று ஒருவரும் அவர்களிடம் சொன்னதில்லை. அத்தை கட்டி தெரிந்த வாரமே கிளினிக்குக்குப் போனார். அந்தத் துணிச்சலுக்குக் கிடைத்த பலன்தான் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. அதை அவர் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.

அவர் யோசித்து முழுசாக எடுத்துவிடலாம் என்றால், நான் முதல் ஆளாக உடன் நிற்பேன். நீங்களும் நில்லுங்கள். ஆனால் வார்த்தை அவர் வாயிலிருந்து வரட்டும். சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போடப்போவதும் அவர்தான்.

பணத்தைப் பற்றி: தனியாரில் கதிர்வீச்சுக்கென்று தனியாகப் பல ஆயிரம் வெள்ளி ஆகும், மெடிக்கல் கார்டு காப்புறுதியில் எவ்வளவு மிச்சம் என்று ஏஜண்டிடம் இப்போதே கேளுங்கள். அரசு மருத்துவமனையில் செலவு மிகக் குறைவு, ஆனால் காத்திருக்க நேரிடும். ஆபரேஷன் தேதி வாங்கும்போதே கதிர்வீச்சு எப்போது தொடங்கும் என்று கேட்டுவிடுங்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசுத் திட்டமான பேக்கா பி40க்குத் தகுதி இருந்தால் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் போக்குவரத்துக்கும் உதவித்தொகை உண்டு, மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் விசாரிக்கலாம்.

வியாழக்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன், கிளினிக் வாசலில் ஒன்பது மணிக்கு இருப்பேன். டாக்டரிடம் அத்தை கேட்க வேண்டியவற்றை அவருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்: கட்டியை எடுத்த பிறகு மார்பகம் எந்த வடிவத்தில் இருக்கும், அக்குளில் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்ப்பீர்களா அல்லது எல்லாவற்றையுமா, ஓரம் சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள், கதிர்வீச்சு எத்தனை தடவை. டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ வேகமாகப் பேசினால் நான் தமிழில் சொல்கிறேன். நீங்கள் உள்ளே வாருங்கள், அத்தை பக்கத்தில் உட்காருங்கள். முதல் கேள்வியை மட்டும் அவரே கேட்கட்டும்.

பசியாறிவிட்டு வாருங்கள், அங்கே நேரமாகும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்