இரண்டு அத்தியாயம், ஒரே ஆள்

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். தேர்வு நெருங்குவதால் படிப்புக் குறிப்புகளே கதி என்று கிடக்கிறேன். இப்போது கையில் இருப்பவை போதைப் பழக்கமும் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளும். இரண்டாவது உன் துறை என்பதால் உன்னிடம் பேசியே ஆகவேண்டும்.

மது பற்றிய பக்கங்களை மூன்று முறை திருத்தி எழுதிவிட்டேன். குடியை நிறுத்திய ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். டெலிரியம் ட்ரெமன்ஸ், அதாவது நடுக்கத்தோடு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கடும் குழப்பம், இரண்டாம், மூன்றாம் நாளில். எலும்பு முறிந்து படுத்திருப்பவர் மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினால், குடிப்பாரா என்று வீட்டாரிடம் முதலில் கேட்க வேண்டும். அப்புறம் தயமின், அதாவது வைட்டமின் பி1. குழப்பம், கண் அசைவுக் கோளாறு, நடைத் தள்ளாட்டம், இந்த மூன்றும் சேர்ந்தால் தயமின் குறைவால் வரும் வெர்னிக்கே என்ற மூளைப் பாதிப்பு என்று மனப்பாடம் செய்தோமே, நினைவிருக்கிறதா? மூன்றும் ஒன்றாகத் தென்படுவது சிலரிடம்தான். காத்திருந்தால் கோர்சகோவ் மறதியில் போய் முடியலாம், அது பெரும்பாலும் முழுதாகக் குணமாகாது. அதனால் சந்தேகம் வந்தாலே தயமின் ஊசி, குளுக்கோஸுக்கு முன்னாலோ கூடவோ. இதை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

இப்படி மும்முரமாக இருந்தபோதுதான் வார்டில் ஒருவரைப் பார்த்தேன். முப்பது வயது தாண்டியவர், நான்காவது தடவையாகக் குடியை விட வந்திருக்கிறார். கிளம்பும் நேரத்தில் அவர் அம்மா சொன்னார்: “சின்ன வயசுல இவன் ஒரு இடத்துல உட்கார்ந்ததே இல்லம்மா. வாத்தியார் தினமும் வகுப்புக்கு வெளியே நிறுத்திடுவார்.” பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினேன். எத்தனை வருடக் குடி, எவ்வளவு குடிப்பார், எல்லாம் இருந்தது. பள்ளிப் பருவம் பற்றி ஒரு வரி இல்லை.

ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் உள்ள வளர்ச்சிக் குறைபாடு, என்று சொல்ல 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பெரியவர்களிடம் ஓட்டமும் துள்ளலும் அடங்கி, உள்ளுக்குள் ஓயாத பரபரப்பாக மிஞ்சும். அதைத் தணிக்கத்தான் குடிக்க ஆரம்பித்தேன் என்று சிலர் சொல்வதை இப்போது வேறு காதால் கேட்கிறேன். அவருக்கு ஏடிஎச்டிதான் என்று இன்னும் முடிவுகட்டவில்லை. குடி நின்று சில வாரமாவது போகட்டும். குடியை நிறுத்தியதும் வரும் கவனச் சிதறலை வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம்.

ஏடிஎச்டிக்கு மருந்து கொடுத்தால் பிள்ளை பின்னாளில் போதைக்கு அடிமையாகிவிடுவானா என்று பெற்றோர் உன்னைக் கேட்பதாக எழுதியிருந்தாய். நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. தைரியமாகச் சொல். சிகிச்சையே இல்லாமல் விடப்பட்ட பிள்ளையைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இந்த இரண்டு அத்தியாயமும் நேராகவே சந்திக்கும் இடம், கர்ப்பத்தில் தாய் குடிக்கும் மது கருவில் இருக்கும் பிள்ளையைப் பாதிப்பது. 1968இல் பிரான்சில் லெமுவான் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதியது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. 1973இல் ஜோன்ஸ், ஸ்மித் என்ற மருத்துவர்கள்தான் அதற்கு ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார்கள். அதன் முக அடையாளங்கள்: மெல்லிய மேலுதடு, மூக்குக்குக் கீழே பள்ளமில்லாத தட்டையான இடம், சிறிய கண் திறப்பு. ஆனால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு முகத்தில் ஒன்றுமே தெரியாது. படிப்பிலும் நடத்தையிலும் மட்டும் தெரியும். அவர்களை அடங்காத பிள்ளைகள் என்று ஒதுக்கிவிடுகிறோம். இதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

சரி, உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். கர்ப்ப காலத்தில் குடித்தீர்களா என்று ஒரு தாயிடம் எப்படிக் கேட்கிறாய்? நான் கேட்டால் அவர்கள் முகம் சுருங்கிவிடுகிறது, அதோடு பேச்சும் நின்றுவிடுகிறது. நீ பயன்படுத்தும் வார்த்தைகளை அப்படியே எழுதி அனுப்பு. அடுத்த புதன்கிழமை, வார்டில் பார்த்தவரின் அம்மா மறுபடி வருகிறார்.

அன்புடன்,
கீதா