ஹாகி தேநீர்க் கிண்ணத்தை ப்ளீச்சில் ஊறவைத்தது, மரப்பெட்டியை அனுப்பாதது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா,

வணக்கம். உங்கள் நிறுவனம் மூலம் ஜப்பானிலிருந்து நான் வாங்கிய பழைய ஹாகி தேநீர்க் கிண்ணம் (ஹாகி என்ற ஊரின் பெயரால் அறியப்படும் மட்பாண்ட வகை) போன வாரம் வந்து சேர்ந்தது. உடையாமல் வந்தது, நன்றாகவே கட்டியிருந்தீர்கள். ஆனால் படத்தில் நான் பார்த்த கிண்ணம் இது இல்லை.

படத்தில் உள்பக்கம் முழுக்கத் தேநீர்க் கறை வலைபோல ஓடியிருந்தது. விளிம்பில் ஓரிடத்தில் அது வெளிப்பக்கம்வரை கசிந்து இளஞ்சிவப்பாக நின்றது. அந்த ஓர் இடத்துக்காகத்தான் இரண்டு மாதம் பணம் சேர்த்தேன். இப்போது உள்ளே வெளேரென்று இருக்கிறது. வெந்நீர் ஊற்றினால் நீச்சல்குளத்து வாடை வருகிறது. தொலைபேசியில் கேட்டதற்கு உங்கள் ஊழியர், "ரொம்ப அழுக்கா இருந்துச்சு சார், ப்ளீச்ல ஊறவெச்சுத்தான் அனுப்பினோம்" என்றார்.

அது அழுக்கு இல்லை, ஐயா. ஹாகி மண் நீரை உறிஞ்சும். மேல்பூச்சில் இருக்கும் மயிரிழை வெடிப்புகள் வழியாகத் தேநீர் இறங்கி, வருடக்கணக்கில் கிண்ணத்தின் நிறம் மாறிக்கொண்டே வரும். ஜப்பானில் இதற்கு 'ஹாகியின் ஏழு மாற்றங்கள்' என்றே பெயர். அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் படைகள் 1592 முதல் 1598 வரை கொரியாவில் போரிட்டபோது அங்கிருந்து கொண்டுவரப்பட்ட குயவர்கள் தொடங்கிவைத்த தொழில் இது. தேநீர்ச் சடங்கில் ஊறியவர்கள் ஜப்பானிய மட்பாண்ட வகைகளை 'முதலில் ராக்கு, அடுத்து ஹாகி, மூன்றாவது கராட்சு' என்று வரிசை சொல்வார்கள். எத்தனையோ பேர் குடித்துக் குடித்து ஏறிய நிறத்தை ஒரே இரவில் எடுத்துவிட்டீர்கள். நான் இனி தினமும் குடித்தாலும் அது திரும்பாது. மண்ணுக்குள் இறங்கிய ரசாயனத்தை நினைத்தால் இதில் குடிக்கவே பயமாக இருக்கிறது.

அப்புறம், பெட்டி. விளம்பரத்தில் மரப்பெட்டியும் இருந்தது, மூடியில் தூரிகையால் எழுதிய வரிகளோடு. கிண்ணம் எது, யாரிடம் இருந்தது என்பதற்கு அந்த எழுத்துதான் சாட்சி. பெட்டி போனால் விலையும் குறைந்துபோகும். எடை கூடும் என்று அதைக் கிடங்கிலேயே விட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள்.

பெட்டியை உடனே தேடி எடுத்துப் பத்திரமாக வையுங்கள், திரும்பி வரும் கிண்ணத்தோடு அது சேரட்டும். கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு அனுப்பும் கூலி உட்பட முழுப் பணத்தையும் 15 நாளுக்குள் தாருங்கள். வாங்கும்போது சேமித்த படங்களையும் இப்போது எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன். கிடங்கில் இன்னும் பழைய கிண்ணங்கள் இருந்தால், தயவுசெய்து அவற்றையாவது கழுவாமல் விடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்