கோலப்போட்டிக்கு நடுவே கால் மணி நேரம்

ஐயா,

மகளிர் தின விழா என்றால் எங்கள் பக்கம் கோலப்போட்டி, இசை நாற்காலி, அப்புறம் பரிசாக எவர்சில்வர் டப்பா. சரி, அதுவும் வேண்டும்தான். கூடவே மனநலம் பற்றிக் கால் மணி நேரம் பேசலாமே! கடன் தவணை, கணவரின் குடி, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என எல்லாவற்றையும் சுய உதவிக் குழுப் பெண்கள் தங்களுக்குள் பேசத்தான் செய்கிறார்கள், மேடையில்தான் பேச்சில்லை.

தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்கு பாயும் என்ற பயத்தில் சிகிச்சையை மறைப்பவர்கள் இன்னும் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவோ, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 14416, 104 ஆகிய இலவச எண்களில் தமிழிலேயே பேசி உதவி பெறலாம். இந்த எண்களைக் குழுவின் பாஸ்புக் அட்டையிலேயே மகளிர் திட்ட அலுவலகங்கள் அச்சிட்டுத் தர வேண்டும்.

– ஒரு வாசகி, திருவாரூர்